சொதிக்குமா பாக்கெட் பால்?



பிசான அறுப்பு முடிந்து வைக்கோலைப் படப்பு போட்டாச்சு. உடம்புக்குக் கொஞ்சம் ஓய்வு. வாய்க்குத்தான் ஓய்வு இல்லை. ஒரு வாரமாக வீட்டில் எனக்கும் மற்ற எல்லோருக்கும் ஒரே வாக்குவாதம். விஷயம் என்னன்னா, பாக்கெட். வீட்டில் பேசித் தீரவில்லை, அதனால் இங்கே வந்து கொட்டுகிறேன்.

போன வாரம் சொந்தத்தில் ஒரு கல்யாணம். நம்ம திருநெல்வேலிப் பக்கம் கல்யாணச் சாப்பாட்டைவிட மறுநாள் போடுகிற சொதிக்குத்தான் மவுசு என்று உங்களுக்குத் தெரியும். மாப்பிள்ளை வீட்டாருக்குச் செய்கிற மரியாதை அது. "தாலி கட்டுக்கு வராட்டாலும் சொதிக்கு வந்துரும் வே" என்று கூப்பிடுகிற ஊர். நானும் ஆசையாகப் பந்தியில் உட்கார்ந்தேன். சோத்தில் சொதியை ஊற்றி, இஞ்சித் துவையலைத் தொட்டு, முதல் உருண்டையை வாயில் வைத்தேன். உருளைக்கிழங்கு இருந்தது, முருங்கைக்காய் இருந்தது, பாசிப்பருப்பு இருந்தது. தேங்காயை மட்டும் காணோம். அது இருக்க வேண்டிய இடத்தில் வெள்ளையாய், கொழகொழவென்று வேறு என்னமோ இருந்தது.

கை கழுவுகிற சாக்கில் பின்பக்கம் போனேன். அடுப்புக்குப் பக்கத்தில் தேங்காய்ப்பால் பாக்கெட்டுகள் வெட்டிப்போட்டுக் குவிந்து கிடக்கின்றன. எல்லாம் 200 மில்லி. அந்தக் குவியலுக்கு நேர் மேலே, மண்டபத்துக் காம்பவுண்டை ஒட்டி, குலை தள்ளிய தென்னை மரம் ஒன்று நிற்கிறது. எனக்குச் சிரிப்பு வந்தது, அப்புறம் எரிச்சல் வந்தது.

தவசிப்பிள்ளை எனக்குத் தெரிந்தவர்தான். "என்னவே இது?" என்றேன். அவர் கோபப்படவில்லை. "அண்ணாச்சி, இருநூறு தேங்கா திருவ ஆளு எங்க இருக்கு? கூலி குடுத்தாலும் எவனும் வரமாட்டேங்கான். இதுன்னா வெட்டுனமா, ஊத்துனமான்னு வேல முடிஞ்சிரும். திரிஞ்சும் போவாது" என்றார்.

அந்தக் கடைசி வார்த்தைதான் எனக்கு உறைத்தது. திரிஞ்சும் போவாது.

சொதி என்றால் என்ன? தேங்காயை அரைத்து முதலில் பிழிகிற கெட்டிப் பாலைத் தனியாக எடுத்து வைக்க வேண்டும். தண்ணீர் விட்டு இரண்டாவது பால், அதன்பிறகு மூன்றாவது பால். காய்கள் வேகிறது மூன்றாவது பாலில். அப்புறம் இரண்டாவது. எல்லாம் வெந்து அடுப்பை அணைக்கிற நேரத்தில்தான் முதல் பால் இறங்கும். அதைக் கொதிக்கவிட்டால் திரிந்துபோகும் என்று எங்க ஆச்சி அடுப்படியை விட்டு நகரமாட்டா. அந்தப் பயம்தான் சொதிக்கு ருசி. பாக்கெட்டில் முதல், இரண்டு, மூன்று எதுவும் கிடையாது. எல்லாம் ஒரே பால். பிரியாமல் இருக்க அதில் ஒன்று சேர்த்திருக்கிறார்கள், கெட்டியாக நிற்க இன்னொன்று. எவ்வளவு கொதித்தாலும் அசையாது. சமைக்கிறவன் அடுப்பைப் பார்க்கவே வேண்டாம். அடுப்பைப் பார்க்காமல் செய்த சாப்பாடு அப்படித்தான் இருக்கும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். நம்ம தோப்புத் தேங்காயை வியாபாரி எண்ணி எடுத்துக்கொண்டு போகிறான். அது லாரி ஏறிக் காங்கேயம், பொள்ளாச்சி என்று எங்கெல்லாமோ போகிறது. பிறகு பாக்கெட்டில் பாலாக மாறி அம்பாசமுத்திரம் கடைக்கு வருகிறது. நாம் காசு கொடுத்து அதை வாங்கி, தென்னை மரத்தடியில் நின்றுகொண்டு வெட்டி ஊற்றுகிறோம். இதற்குப் பெயர் வசதியாம்.

இதைப் படித்துவிட்டு, "இவன் பழைய பஞ்சாங்கம், பாக்கெட்டைக் கண்டாலே ஆகாது" என்று நினைக்க வேண்டாம். எனக்குப் பிடித்த பாக்கெட்டுகளும் உண்டு. அதையும் ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன்.

கல்லிடைக்குறிச்சி அப்பளம் பாக்கெட்டில்தான் வருகிறது. எங்களுக்கு அடுத்த ஊர். உளுந்த மாவும் உப்பும் அப்பளக்காரமும் தாமிரபரணித் தண்ணியும் சேர்ந்த சரக்கு. எத்தனையோ வீட்டுப் பெண்கள் அதில் பிழைக்கிறார்கள். அது இல்லாமல் எனக்குச் சோறு இறங்காது. பெருங்காயம் டப்பாவில்தான் வர வேண்டும். அது ஆப்கானிஸ்தான், ஈரான் பக்கம் விளைகிற சரக்கு, மணிமுத்தாற்றில் விளையாது. தூத்துக்குடி உப்பளத்து உப்பு அயோடின் சேர்த்துப் பாக்கெட்டில் வருவதிலும் எனக்குச் சண்டை இல்லை. முன்கழுத்துக் கழலையைத் தடுக்கிற காரியம் அது. கோவில்பட்டிக் கடலைமிட்டாய் பாக்கெட்டைப் பார்த்தால் என் கை தானாகப் போகும். 2020-ல் புவிசார் குறியீடு வாங்கிய மிட்டாய் அது. கடைசியாக ஒரு பலவீனம்: ரஸ்க். சாயங்காலம் கருப்பட்டிக் காபியில் முக்கித் தின்ன எனக்கு ரஸ்க் வேண்டும். பாக்கெட் ரஸ்க்தான். வெட்கமாகத்தான் இருக்கிறது, ஆனால் விடமுடியவில்லை.

ரசாயனம் என்று சொல்லிப் பயம் காட்டவும் நான் வரவில்லை. லேபிளில் ஐஎன்எஸ் 330 என்று எண்ணைப் போட்டதும் விஷம் என்று கத்துகிறவர்கள் இருக்கிறார்கள். அது சிட்ரிக் அமிலம், எலுமிச்சம்பழத்தில் இருக்கிறதுதான். நம்ம அப்பளக்காரத்துக்கும் ஒரு எண் கொடுத்தால் அதுவும் பயங்கரமாகத்தான் தெரியும். 2015-ல் மேகி நூடுல்ஸுக்குத் தடை வந்தபோது ஊரே, "பாத்தியா, நான் அப்பமே சொன்னேன்" என்றது. ஆகஸ்டில் பம்பாய் உயர் நீதிமன்றம் அந்தத் தடையை ரத்து செய்தது. சோதனை நடத்திய ஆய்வகங்கள் முறையாக அங்கீகாரம் பெற்றவை இல்லை, கம்பெனித் தரப்பையும் ஒழுங்காகக் கேட்கவில்லை என்று சொன்னது. நவம்பரில் மேகி திரும்பக் கடைக்கு வந்துவிட்டது. அப்போது சொன்ன எல்லோரும் இப்போது வாங்குகிறார்கள். பயத்தால் ஒதுக்கினது பயம் போனதும் திரும்பி வந்துவிடும். அதனால் நான் பயத்தைப் பேசவில்லை. புத்தியைப் பேசுகிறேன்.

டப்பாச் சாப்பாடு எப்படிப் பிறந்தது என்று பாருங்கள். நெப்போலியன் காலத்தில், படைக்குக் கெட்டுப்போகாத சாப்பாடு வேண்டும் என்ற தேவை வந்தது. நிக்கோலா அப்பேர் என்ற பிரெஞ்சுச் சமையல்காரர் கண்ணாடிப் புட்டியில் அடைத்து, இறுக மூடி, வெந்நீரில் போட்டுக் கொதிக்கவைக்கிற வித்தையைக் கண்டுபிடித்தார். அதற்காக அரசாங்கம் 12,000 பிராங்க் கொடுத்தது. 1810-ல் இங்கிலாந்தில் தகர டப்பாவுக்குக் காப்புரிமை வாங்கினார்கள். வேடிக்கை என்னவென்றால், டப்பா வந்து ஐம்பது வருஷம் கழித்துத்தான் அதைத் திறக்கிற கருவி வந்தது. அதுவரை உளியும் சுத்தியலும்தான். ஆக, இது படைக்காகப் பிறந்த சாப்பாடு. அடுப்பு மூட்ட முடியாத இடத்தில் இருக்கிறவனுக்கான சாப்பாடு.

அந்த அருமையை நாமும் பார்த்திருக்கிறோம். 2023 டிசம்பர் 17, 18. மறக்க முடியுமா? காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை. மணிமுத்தாறு, பாபநாசம் எல்லாம் திறந்துவிட்டு ஆறு கடலாகப் போனது. ஸ்ரீவைகுண்டத்தில் திருச்செந்தூர் எக்ஸ்பிரஸ் நின்று, நூற்றுக்கணக்கான சனம் ரயிலோடு மாட்டிக்கொண்டது. ஹெலிகாப்டரில் இருந்து போட்ட பொட்டலம்தான் பல ஊர்களுக்குச் சாப்பாடு. அன்றைக்கு பிஸ்கட்டும் பிரெட்டும் பால்பவுடரும்தான் தெய்வம். அன்றைக்கு எவனாவது பாக்கெட்டைக் குறை சொல்லியிருந்தால் நானே அறைந்திருப்பேன்.

ஆனால் வெள்ளம் வடிந்துவிட்டது. நாம் மட்டும் வெள்ளத்தில் மாட்டினவன் மாதிரியே இன்னும் தின்றுகொண்டிருக்கிறோம். அடுப்பு இருக்கிறது, விறகு இருக்கிறது, கேஸ் இருக்கிறது, மரத்தில் தேங்காய் இருக்கிறது, வாய்க்காலில் தண்ணீர் ஓடுகிறது. என் வழக்கு இதுதான். படைக்கும் பயணத்துக்கும் ஆபத்துக்கும் வந்த பண்டத்தை, ஒரு ஆபத்தும் இல்லாத அடுப்படிக்குள் எதற்குக் குடியேற்றினோம்?

நம்ம ஆட்களுக்குச் சேமித்து வைக்கத் தெரியாதா? சுண்டவத்தல், மணத்தக்காளி வத்தல், மோர்மிளகாய், கூழ்வத்தல், புளிக்காய்ச்சல், கருவாடு, கருப்பட்டி. இதெல்லாம் கெட்டுப்போகாமல் மாசக்கணக்கில் இருக்கும். ஆனால் ஒரு வித்தியாசம். மலிந்து கிடக்கிறபோது காயப்போட்டு, கிடைக்காதபோது எடுத்துத் தின்கிற பண்டம் அது. பாக்கெட் அப்படி இல்லை. மலிந்து கிடக்கிறபோதே மலிந்த பண்டத்தை ஒதுக்கிவைத்துவிட்டு அதைத் தின்னச் சொல்கிறது.

அடுத்தது கணக்கு. விவசாயி என்றால் கணக்கு தெரியாது என்று நினைத்துவிட்டார்கள். 2025-26 பருவத்துக்குப் பொது ரக நெல்லுக்கு நம்ம அரசு கொடுத்த விலை குவிண்டாலுக்கு 2,500 ரூபாய். கிலோ 25 ரூபாய். நாலு மாசம் தண்ணீர் கட்டி, களை எடுத்து, மயிலும் பன்றியும் தின்றது போக மிஞ்சினதுக்கு அந்த விலை. கடையில் தோரணமாகத் தொங்குகிற பத்து ரூபாய்ப் பாக்கெட்டை எடுத்துப் பின்பக்கம் படியுங்கள். அரிசி மாவு, சோள மாவு, பாமாயில் என்று இருக்கும். எடை இருபது கிராம் சொச்சம். கிலோவுக்குக் கணக்குப் போட்டால் நானூறு, ஐந்நூறு ரூபாய். பாதிக்குமேல் காற்று. நம்மிடம் 25 ரூபாய்க்கு வாங்கின நெல்லை நம்ம பேரன் பேத்திக்கே 500 ரூபாய்க்கு விற்கிறான். அதை நாம் பெருமையாக வாங்கிக் கொடுக்கிறோம், பிள்ளை அழுகிறதாம்.

சத்துமாவு டப்பா இன்னொரு கூத்து. உளுந்தங்களி கொடுத்தால் வேண்டாம் என்கிற பிள்ளைக்குப் பாலில் கலக்கிக் கொடுக்கிறார்களே, அந்த டப்பா. வருஷக்கணக்காக அதற்கு 'ஹெல்த் டிரிங்க்' என்று பெயர். 2024 ஏப்ரலில் மத்திய வர்த்தக அமைச்சகம், போர்ன்விட்டா உள்பட எதையும் இணையதளங்களில் அந்தப் பெயரில் வகைப்படுத்தி விற்காதீர்கள் என்று சொன்னது. காரணம், உணவுப் பாதுகாப்புச் சட்டத்தில் 'ஹெல்த் டிரிங்க்' என்று ஒரு வகையே கிடையாது. சட்டத்தில் இல்லாத ஒரு பெயரை நம்பித்தான் இத்தனை காலம் நம்ம வீட்டு மாசச் சாமான் லிஸ்டில் அது முதல் வரியில் இருந்திருக்கிறது.

இனி எனக்கு ரொம்ப வயித்தெரிச்சலான ஒன்று. தண்ணி.

நான் இருப்பது மணிமுத்தாற்றுக் கரையில். காமராஜர் முதலமைச்சராக இருந்தபோது கட்டி முடித்த அணைக்குக் கீழே. நம்ம தாமிரபரணி வற்றாத ஆறு என்று பள்ளிக்கூடத்தில் படித்தவர்கள் நாம். இங்கே ஒரு சடங்கு வீடு, ஒரு கேத வீடு என்றாலும் இருபது லிட்டர் கேன் வரிசையாக வந்து இறங்குகிறது. கேன் வைக்காவிட்டால் மரியாதைக் குறைச்சலாம். கேதத்துக்கு வந்தவர், "குடத்துத் தண்ணியா?" என்று கேட்டுவிட்டுக் குடிக்காமல் வைத்ததை என் கண்ணால் பார்த்தேன்.

கங்கைகொண்டான் சிப்காட் கதை உங்களுக்கு ஞாபகம் இருக்கும். அங்கே கோக், பெப்சி பாட்டில் அடைக்கிற ஆலைகளுக்கு நம்ம ஆற்றுத் தண்ணீர் ஆயிரம் லிட்டர் 37 ரூபாய் 50 காசுக்குப் போகிறது என்று பேச்சு வந்தது. லிட்டருக்கு நாலு காசுகூட இல்லை. 2016 நவம்பரில் மதுரைக் கிளை உயர் நீதிமன்றம் இடைக்காலத் தடை போட்டது. ஜனவரியில் ஜல்லிக்கட்டுப் போராட்டம். அந்த வேகத்தில் வணிகர் சங்கங்கள், 2017 மார்ச் 1 முதல் கோக், பெப்சி விற்கமாட்டோம் என்று அறிவித்தன. அதே மார்ச் முதல் வாரத்தில் வழக்கு தள்ளுபடியாகித் தடையும் போனது. கொஞ்ச நாள் நம்ம ஊர்க் கடைகளில் பன்னீர் சோடாவும் கலர் சோடாவும் முன்வரிசைக்கு வந்தன. அப்புறம்? எல்லாம் பழையபடிதான். அன்றைக்குக் கோஷம் போட்ட வாயில்தான் இன்றைக்கு இருபது ரூபாய்ப் பாட்டில் இருக்கிறது. சுத்தம் பண்ணுகிற செலவு, பாட்டில் செலவு, லாரி வாடகை எல்லாம் இருக்கிறது, ஒத்துக்கொள்கிறேன். ஆனாலும் நாலு காசுக்கும் இருபது ரூபாய்க்கும் நடுவில் எவ்வளவு தூரம்!

"ஆத்துல சாக்கடை கலக்குதே, எப்படிக் குடிக்க?" என்று என் மகன் கேட்டான். நியாயமான கேள்வி. கலக்கத்தான் செய்கிறது. கேனில் எனக்குப் பெரிய கோபமே அங்கேதான். ஆறு கெட்டுப்போனால் ஊரே கூடிப் பஞ்சாயத்தைக் கேட்க வேண்டும், கலெக்டரைக் கேட்க வேண்டும். கேன் வாங்கக் காசு இருக்கிறவன் கேட்பதை நிறுத்திவிட்டான். அவனுக்குத் தண்ணீர் வந்துவிட்டது, ஆறு எப்படிப் போனால் என்ன? ஊரில் சத்தம் போடக்கூடியவன் எல்லாம் கேனுக்குப் போய்விட்டால், குடத்தோடு நிற்கிற கிழவிக்காக யார் பேசுவார்? பாக்கெட் நம்ம வாயை நிரப்புகிறது, அப்படியே வாயை அடைத்தும் விடுகிறது.

இதை எழுதுகிற நான் ஒரு காலத்தில் பாக்கெட் முதலாளியாக ஆகப் பார்த்தவன் என்பதையும் சொல்ல வேண்டும். சில வருஷம் முன்னால் நாங்கள் அஞ்சு பேர் சேர்ந்து, சொந்த வயலில் விளைந்த அம்பை 16 அரிசியை அஞ்சு கிலோ பாக்கெட்டாகப் போட்டோம். 1937-ல் ஆரம்பித்த அம்பாசமுத்திரம் நெல் ஆராய்ச்சி நிலையம் கொடுத்த ரகம் அது. குண்டு அரிசி, இட்லிக்குப் பூப்போல வரும். பச்சை நிறத்தில் அணைப் படம் போட்ட பை. டவுனில் ஒரு கடைக்காரர் வாங்கி வைத்தார். ரெண்டு மாசத்தில் கூப்பிட்டார். போனால், பைக்குள் வண்டு.

"அரிசி நல்லாத்தான் இருக்கு அண்ணாச்சி. ஆனா ஆறு மாசம் தாங்கணும்லா" என்றார்.

அன்றைக்கு எல்லாவற்றையும் திரும்பத் தூக்கிக்கொண்டு வந்தோம். வண்டு விழுந்த அரிசியைப் புடைத்து, வெயிலில் போட்டு, நாங்களே பொங்கித் தின்றோம். நட்டம் ஆளுக்கு ஏழாயிரம். ஆனால் ஒரு பாடம் படித்தேன். கடைக்காரர் கேட்டது நல்ல அரிசியை அல்ல, அலமாரியில் தாங்குகிற அரிசியை. நன்றாகத் தீட்டி, தவிட்டையெல்லாம் எடுத்துவிட்டால் நாள்பட நிற்கும். வண்டுக்குப் பிடித்தது எதுவோ அதுதான் நமக்கும் சத்து. அதை எடுத்துவிட்டால் வண்டும் வராது, நாமும் ஒன்றும் பெறமாட்டோம்.

பையில் என்ன அச்சடிக்க வேண்டும் என்று விசாரித்தபோது இன்னொன்று தெரிந்தது. பாக்கெட் போட்டவர் பெயர் வேண்டும், எடை வேண்டும், விலை வேண்டும், அடைத்த தேதி வேண்டும். அறுத்த தேதி வேண்டாம், விளைந்த ஊர் வேண்டாம், விளைவித்தவன் வேண்டவே வேண்டாம். 2022 ஜூலை 18-லிருந்து இன்னொரு கூத்து. 25 கிலோ வரைக்கும் பையில் அடைத்து லேபிள் ஒட்டின அரிசிக்கு 5 சதவீத ஜிஎஸ்டி. சாக்கைத் திறந்து அளந்து போட்டால் வரி இல்லை. உடனே கடைகளில் 26 கிலோ மூட்டை வந்துவிட்டது! அரிசிக்கு வரி இல்லையாம், லேபிளுக்குத்தான் வரியாம்.

மேலே மஞ்சோலையை எடுத்துக்கொள்ளுங்கள். எங்க தலைக்கு மேலே இருக்கிற மலை. தலைமுறை தலைமுறையாக அங்கே தேயிலை பறித்தார்கள். அந்தத் தேயிலை எந்தப் பாக்கெட்டில், எந்தப் பெயரில், எந்த ஊர் டீக்கடைக்குப் போனது என்று கீழே இருக்கிற எனக்கே தெரியாது. 2024-ல் எஸ்டேட் வேலை நின்று அந்தச் சனம் மலையை விட்டு இறங்க வேண்டி வந்தபோது, அந்த டீயைக் குடித்தவர்களில் எத்தனை பேருக்கு அது தங்கள் விஷயம் என்று தெரிந்திருக்கும்? பாக்கெட்டுக்குப் பின்னால் ஆள் தெரியமாட்டான். தெரியாதவன் போனால் யாரும் தேடவும்மாட்டார்கள்.

இவ்வளவையும் நான் வீட்டில் ஆவேசமாகப் பேசிக்கொண்டிருந்தேன். எங்க வீட்டம்மா ஒரு வார்த்தை பேசாமல் கேட்டுக்கொண்டே கீரை ஆய்ந்தாள். முடித்ததும் கேட்டாள்.

"எல்லாம் சரிதாங்க. இத்தனை வருசத்துல சொதிக்கு ஒரு தேங்கா நீங்க திருவியிருக்கியளா? எங்க அத்தை மணிக்கட்டு வீங்கிப்போயி, கருநொச்சி வச்சுக் கட்டிக்கிட்டே திருவுனாவ. ஆட்டுக்கல்லுல மாவாட்டுனதும் அவ்வோதான். அன்னைக்கு உங்களுக்கு வயித்தெரிச்சல் வரலையே? ருசி உங்க நாக்குக்கு, வலி எங்க கைக்கு. பாக்கெட்டு வந்த பொறவுதான் சில வீட்டுல பொம்பளைங்க செத்த நேரம் உக்காருதாவ."

ஒரு நாள் முழுக்க எனக்குப் பதில் வரவில்லை. ராத்திரி படுத்துக்கொண்டு யோசித்தேன். அவள் சொன்னது அத்தனையும் உண்மை. தவசிப்பிள்ளை சொன்னதும் அதேதான், திருவ ஆள் இல்லை. பாக்கெட் நம்ம அடுப்படிக்குள் நுழைந்த வாசல் அது. வீட்டு வேலையை ஒருத்தி தலையில் மட்டும் கட்டிவைத்தோம். அவள் களைத்துப் போன இடத்தில் கம்பெனிக்காரன் வந்து கதவைத் தட்டினான். குற்றம் கதவைத் திறந்தவள் மேல் இல்லை. திண்ணையில் உட்கார்ந்து ருசி சொன்னவன் மேல்தான்.

அதனால் என் கட்சியைக் கொஞ்சம் மாற்றிக்கொள்கிறேன். பாக்கெட் வேண்டாம் என்று சொல்கிற ஆம்பளை முதலில் திருவலை எடுக்க வேண்டும். நான் எடுத்துவிட்டேன். நாலு நாளாக எங்க வீட்டில் தேங்காய் திருவுவது நான்தான். முதல் நாள் விரலைக் கிழித்துக்கொண்டேன். ரெண்டாம் நாள் ஓட்டுக் கறுப்பெல்லாம் சேர்த்துத் திருவி வாங்கிக் கட்டிக்கொண்டேன். இப்போது பரவாயில்லை என்கிறாள்.

கூட்டாகச் செய்தால் முடியும் என்பதற்கு நம்ம பள்ளிக்கூடமே சாட்சி. 2007, 2008 வாக்கில், மதிய உணவுக்குப் பதிலாகப் பிள்ளைகளுக்கு பிஸ்கட் பாக்கெட் கொடுத்துவிடலாம் என்று பிஸ்கட் கம்பெனிகளின் சங்கம் எம்.பி.க்களுக்கெல்லாம் கடிதம் எழுதியது. நிறைய எம்.பி.க்கள் அதை அப்படியே அமைச்சகத்துக்குச் சிபாரிசும் செய்தார்கள். சுத்தம், வசதி, சத்து என்று அன்றைக்கும் இதே பேச்சுத்தான். நல்லவேளை, மனிதவள மேம்பாட்டு அமைச்சகம் ஒத்துக்கொள்ளவில்லை. 2022 செப்டம்பரில் நம்ம மாநிலத்தில் காலை உணவுத் திட்டம் வந்தபோது பாக்கெட் கொடுத்திருந்தால் வேலை ரொம்பச் சுலபம். உப்புமா, கிச்சடி, பொங்கல் என்று சூடாகத்தான் போடுகிறார்கள். காலையில் அடுப்பு மூட்டிச் சமைத்து, மணி அடிக்கும் முன்னால் பிள்ளைகளுக்குப் பரிமாற முடிகிறது. நம்ம ஒரு ஊருக்கு, வருஷத்தில் மூணு நாளைக்கு முடியாதா?

அந்த மூணு நாள்தான் இப்போது என் கவலை. சித்திரையில் கோயில் கொடை. வரி போடுகிற கூட்டம் அடுத்த வெள்ளிக்கிழமை. போன வருஷக் கணக்கை வாங்கிப் பார்த்தேன். கேன் தண்ணிக்கும் பாக்கெட் சாமானுக்கும் போன காசு, வில்லுப்பாட்டுக்காரருக்குக் கொடுத்ததைவிட அதிகம். கூட்டத்தில் நான் எழுந்து மூணு விஷயம் கேட்கப்போகிறேன்.

ஒன்று, தேங்காய் நம்ம தோப்புகளில் இருந்து வீட்டுக்கு அஞ்சு. வரியில் கழித்துக்கொள்ளட்டும். மோட்டார் வைத்த திருவல் வாடகைக்குக் கிடைக்கிறது, அதை எடுப்போம். திருவுவதும் பிழிவதும் ஆம்பளைகள் பொறுப்பு. முதல் பேர் என் பேர்.

ரெண்டு, தண்ணீர் மண்பானையில். முந்தின நாள் ராத்திரியே காய்ச்சி ஆறவைத்தது. கூடவே, ஆற்றில் சாக்கடை கலக்கிற இடத்தைச் சொல்லி ஊரே கையெழுத்துப் போட்ட மனு ஒன்று. கேனுக்குக் கொடுக்கிற காசை மிச்சம் பிடித்தால் கலெக்டர் ஆபீஸுக்கு ஒரு வேன் பிடிக்கலாம்.

மூணு, சொதியில் பாக்கெட் பால் விழக்கூடாது. அப்பளம் மட்டும் பாக்கெட்டில் வரலாம், அதுவும் கல்லிடைக்குறிச்சியில் இருந்து.

சிரிப்பார்கள், தெரியும். "ஏ அண்ணாச்சி, ஒம்ம ரஸ்க்க மொதல்ல விடும்" என்று ஒருத்தன் நிச்சயம் சொல்வான். அதற்கு என்னிடம் பதில் இல்லை. ஆனால் திருவல் என் கையில் இருக்கும்போது அவனால் ரொம்ப நேரம் சிரிக்க முடியாது.

கூட்டம் முடிந்ததும் என்ன ஆச்சு என்று வந்து எழுதுகிறேன். மேலைக்கால் மடையைத் திறக்க ஆள் கூப்பிடுகிறான், வாரேன்.